உதறும் பிரேக்கின் பூர்வீகம்

1902-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற பொறியாளர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் மெல்லிய உலோகத் தட்டு, அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கட்டைகள். இன்று நம் கார்களின் முன்சக்கரத்துக்குள் இருப்பது அதே யோசனைதான். ஆனால் தட்டைக் கவ்விப் பிடிக்க அவருக்குச் செம்பைவிட நல்ல பொருள் அமையவில்லை. உலோகத்தோடு உலோகம் உரசிய கிறீச்சொலியைச் சகிக்க முடியவில்லை. புழுதிச் சாலையில் செம்பு சீக்கிரமே தேய்ந்தும் போனது. யோசனை கிடப்புக்குப் போனது. அதே 1902-ல் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். அடுத்த ஐம்பது ஆண்டு உலகம் டிரம்மை நம்பித்தான் ஓடியது.

கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் எனக்கு லான்செஸ்டர் முக்கியமானவர். பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் குறைகளில் பெரும்பாலானது ஒன்றுதான்: பிரேக்கை மிதித்தால் பெடல் காலை உதறுகிறது, ஸ்டியரிங் கையில் ஆடுகிறது. "டிஸ்க் பெண்டாயிருச்சுங்ணா, லேத்துல போட்டு ஒரு வெட்டு வெட்டிக் குடுங்க" என்று டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்து வருவார்கள். வெட்டினால் உதறல் போய்விடும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்துவிடும். மறுபடி வெட்டு. இதற்கு விடை தேடப் போய்த்தான் பிரேக்கின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். இரும்பில் பாதி விடை இருந்தது. மீதிப் பாதி வரலாற்றில் இருந்தது.

லான்செஸ்டருக்கு அமையாத பொருளை ஹெர்பர்ட் ஃபிரூட் தேடிக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் குதிரைவண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை ஆணியடித்து இறங்குவதைக் கவனித்தவர் அவர். 1897-ல் தொழில் தொடங்கி, துணிப்பட்டையைப் பிசினில் ஊறவைத்து லைனிங் செய்தார். சூடு ஏறினால் துணி கருகியது. 1908 வாக்கில் துணியின் இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரை நெய்து போட்டார். அவர் நிறுவனத்தின் ஃபெரோடோ என்ற பெயர் உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான்.

கல்நார் நெருப்புக்கு அசையாது. இரும்பையும் அதிகம் தின்னாது. மெக்கானிக் சற்று ஏனோதானோவென்று மாட்டியிருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதன் தூசு மனிதனின் நுரையீரலைத் தின்னும் என்பது பிறகு தெரிந்தது. எங்கள் தொழிலில் டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றடித்துத் தூசியை ஊதித் தள்ளுவதுதான் வழக்கம். முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் அந்தப் புகைக்குள் நின்ற பையன்களை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. இங்கிலாந்து 1999-ல் கல்நாரை முழுவதுமாகத் தடை செய்தது. செய்ய வேண்டியதுதான். ஆனால் பழைய கார்களின் பிரேக் கல்நாரை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டால் உதறலின் காரணம் பிடிபடாது.

டிஸ்க்குக்கு மறுவாழ்வு வந்தது விமானத்தால். கனமான விமானம் அதிவேகத்தில் தரையிறங்கி நிற்க வேண்டும். டிரம்மால் அந்தச் சூட்டைத் தாங்க முடியவில்லை. டிரம் சூடானால் விரியும்; விரிந்தால் உள்ளே இருக்கும் ஷூவைவிட்டு விலகிப் போகும். பெடல் கீழே இறங்கும், பிடிப்பு குறையும். டிஸ்க் சூடானால் தடிமன் கூடி, அதைக் கவ்வும் பேடை நோக்கித்தான் வரும். காற்றும் நேராகப் படும். டன்லப் நிறுவனம் விமானத்துக்குச் செய்து பழகிய இந்த வேலையை ஜாகுவார் காருக்குக் கொண்டுவந்தது. நார்மன் டூயிஸ் என்ற சோதனை ஓட்டுநர் ஜாகுவாரின் சி-டைப் பந்தயக் காரில் அதை மாட்டி, பிரேக் ஆயில் கொதிக்கக் கொதிக்க ஓட்டிப் பார்த்தார். கரடுமுரடான சாலையில் சக்கரம் அசையும்போது டிஸ்க் பேடுகளைப் பின்னால் தள்ளிவிடும். அடுத்த முறை மிதித்தால் பெடல் தரை வரை போகும். இப்படி ஒவ்வொரு கோளாறாகத் தீர்த்தார்கள். 1952-ல் டூயிஸும் பந்தய ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸும் அந்தக் காரில் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயம் ஓடினார்கள். அதே ஆண்டு ஜூனில் பிரான்சின் ரைம்ஸ் நகரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்கோடு மாஸ் ஜெயித்தார்.

1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. நீண்ட நேர்சாலையின் முடிவில், மற்ற கார்கள் முன்கூட்டியே பிரேக்கில் கால் வைக்க வேண்டியிருந்த இடத்தையும் தாண்டி ஜாகுவார்கள் முழுவேகத்தில் போயின. டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டிய கார் முதலிடம்; இரண்டாவதும் நான்காவதும் ஜாகுவாரே. சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தில் மணிக்கு 100 மைல் சராசரியை ஒரு கார் தாண்டியது அதுவே முதல் முறை. எஞ்சினின் வெற்றியைவிட அதைப் பிரேக்கின் வெற்றி என்றே நான் சொல்வேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1955-ல் சித்ரோவன் டிஎஸ், 1956-ல் கர்லிங் டிஸ்க்கோடு ட்ரையம்ஃப் டிஆர்3, 1959-ல் நான்கு சக்கரத்திலும் டன்லப் டிஸ்க்கோடு ஜாகுவார் மார்க் 2.

நம் பக்கம் அந்தக் காலத்தில் டிரம்தான். அம்பாசடரும் பத்மினியும் பல ஆண்டுகள் டிரம்மோடுதான் ஓடின. 1962-ல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. ட்ரையம்ஃபுக்கு டிஸ்க் செய்த கர்லிங், லூகாஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த வேலைமுறை அப்படித்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால் தெருவோரப் பட்டறைக்கு டிஸ்க் வந்துசேர மாருதி காலம் ஆனது. அதுவரை ஒரு தலைமுறை லேத்காரர்கள் கற்ற பாடம் ஒன்றுதான்: டிரம் ஓவல் ஆனால் கழற்று, லேத்தில் போடு, வெட்டு, மாட்டு. டிரம்முக்கு அது பெரும்பாலும் பலித்தது. டிஸ்க் வந்தபோதும் அதே கை, அதே பழக்கம். தவறு அங்கிருந்து தொடங்குகிறது என்பது என் முடிவு.

கரோல் ஸ்மித் என்ற அமெரிக்கப் பந்தயப் பொறியாளர், தன் வாழ்நாள் அனுபவத்தில் 'வளைந்த டிஸ்க்' என்று வந்த ஒவ்வொன்றையும் ஆராய்ந்தபோது, பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் ஏற்றத்தாழ்வாக ஒட்டியிருந்ததே காரணம் என்று கண்டதாக எழுதியிருக்கிறார். டிஸ்க் வளைவது அபூர்வம் என்பதுதான் என் கண்ணில் பட்டதும். கால் உணர்வது தடிமன் வித்தியாசத்தை. ஒரே டிஸ்க்கில் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால், தடித்த இடம் பேடுகளைத் தாங்கும் காலிப்பருக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் பிஸ்டனைப் பின்னால் தள்ளும். அது ஆயில் வழியாகப் பெடலுக்கு வரும். இதற்கு நூறில் இரண்டு மூன்று பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம் போதும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை.

குன்னூர் டாக்டர் ஒருவரின் மார்க் 2 இப்படித்தான் வந்தது. 1962 மாடல். வேறொரு ஊரில் கழற்றிப் பூட்டிப் புதுசாக்கியிருந்தார்கள். பெயின்ட் வேலை அவ்வளவு அழகு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதெல்லாம் உதறல். பல முறை டிஸ்க்கை வெட்டியாகிவிட்டது. "தம்பி, இனி வெட்ட இரும்பு இல்லைன்னு சொல்றாங்க" என்றார். "டிஸ்க்கைக் கழட்ட வேண்டாமுங்க டாக்டர், வண்டியை அப்படியே விட்டுட்டுப் போங்க" என்றேன்.

முன்சக்கரத்தைக் கழற்றி, டயல் கேஜை டிஸ்க்கின் விளிம்பருகே வைத்தோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மார்க் 2-ன் ஹப்பில் டேப்பர் ரோலர் பேரிங். அதற்குக் கொஞ்சம் அசைவு விட்டுத்தான் நட்டை நிறுத்துவார்கள். அந்த அசைவோடு அளந்தால் பேரிங்கின் ஆட்டத்தையும் டிஸ்க்கின் கணக்கில் எழுதிவிடுவோம். அதனால் அளக்கும் நேரத்துக்கு மட்டும் நட்டை இறுக்கி, அசைவை எடுத்துவிட்டுச் சுற்ற வேண்டும். சுற்றினோம். முள் 0.17 மில்லிமீட்டர் ஆடியது. மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் தடிமன் எடுத்தோம். இரண்டு இடத்தில் மெலிவு, ஏறத்தாழ எதிரெதிராக.

அந்த எதிரெதிர் மெலிவே கதையைச் சொல்லிவிட்டது. கோணலாக உட்கார்ந்த டிஸ்க், பிரேக் பிடிக்காதபோதும் ஒரு சுற்றில் ஓரிடத்தில் உள்பேடையும் அதற்கு நேர் எதிரிடத்தில் வெளிபேடையும் தொட்டுவிட்டுப் போகும். லேசான தொடுதல்தான். சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஐந்நூறு முறை சுற்றுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் அந்த இரண்டு இடமும் தேய்ந்து மெலிகின்றன. புதிதாக வெட்டிய டிஸ்க் முதலில் நன்றாக ஓடி, பிறகு உதறுவது இதனால்தான். கோணல் டிஸ்க்கில் இல்லை, அது உட்காரும் இடத்தில் இருக்கிறது. லேத்தில் எத்தனை முறை வெட்டினாலும் உட்காரும் இடம் மாறுவதில்லை.

டிஸ்க்கைப் பிரித்ததும் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டியைப் புதுசாக்கியவர்கள் ஹப்பின் முகத்துக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். போல்ட் இறுக இறுக அந்தப் பெயின்ட் ஒருபக்கம் நசுங்கி, ஒருபக்கம் நின்றிருந்தது. இடையிடையே துருவும் இருந்தது. முழுவதையும் சுரண்டியெடுத்து, முகத்தில் நீலச் சாயம் தடவி, டிஸ்க்கை வைத்து அழுத்தி எடுத்து, எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்துப் பார்த்துச் சமன் செய்தோம். பேரிங் உட்காரும் இடத்தையே ஆதாரமாக வைத்து மாண்ட்ரல் என்ற பிடிதண்டு ஒன்றைக் கடைந்து, ஹப்பும் டிஸ்க்கும் பூட்டியபடியே லேத்தில் ஏற்றி, மெலிவு மறையும் அளவுக்கு மட்டும் வெட்டினோம். திரும்ப வண்டியில் மாட்டி அளந்தால் ஆட்டம் 0.04.

அடுத்தது பேட். கல்நாரை மனத்தில் வைத்து அமைத்த பிரேக்கில் மாட்டியிருந்தது இரும்புத்தூள் கலந்த கெட்டியான ரகம். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். ஒன்றரை டன்னைத் தாண்டும் வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது விடும் சக்தி ஆறு யூனிட் மின்சாரத்துக்கு மேல் வரும். கியரில் இறங்கினால் அதில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி டிஸ்க்குகளின் தலையில்தான். அந்தச் சூட்டோடு கல்லாறு தாண்டி நெரிசலில் பிரேக்கை மிதித்தபடியே நின்றால், பேட் இருக்கும் இடத்தில் அதன் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும். அங்கே உராய்வு கூடும்; சூடு அங்கேயே சேரும். எல்லை மீறினால் வார்ப்பிரும்பின் உள்ளமைப்பே மாறி சிமென்டைட் என்ற கடினப் புள்ளியாகிவிடும். நீலம் பாய்ந்த அந்தப் புள்ளியில் அரம் வழுக்கும். மேலே வெட்டினாலும் அது உள்ளே இறங்கியிருக்கும். மற்ற இடம் தேய, இது மேடாக எழுந்து நிற்கும். நல்லவேளையாக டாக்டரின் டிஸ்க்கில் அச்சு மட்டுமே இருந்தது, அது வெட்டில் போய்விட்டது. கல்நார் இல்லாத மென்மையான ஆர்கானிக் பேடை வரவழைத்து மாட்டினோம்.

புது பேடைப் பழக்குவதும் ஒரு வேலை. விடியற்காலையில் பொள்ளாச்சி ரோட்டில் 80-லிருந்து 20 வரை, முதலில் லேசாக, போகப் போக அழுத்தி, ஒரு முறைகூட முழுதாக நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டினோம். பிறகு பிரேக் தொடாமல் ஆறவிட்டபடி திரும்பினோம். பேடின் பொருள் டிஸ்க் முழுவதும் ஒரே சீராகப் படிய இதுதான் வழி. டாக்டர் இப்போது இரண்டாவது கியரில் மலை இறங்குகிறார். மேட்டுப்பாளையத்தில் நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடுகிறார்.

அவர் டிஸ்க்கில் இன்னும் ஒரு வெட்டுக்குத்தான் இரும்பு இருக்கிறது. இனி மாற்ற வேண்டிவந்தால் புது வார்ப்புதான். உண்மையிலேயே வளையக்கூடிய டிஸ்க் இந்தப் புது வார்ப்புதான் என்பதையும் சொல்ல வேண்டும். அச்சில் ஊற்றிய இரும்பு ஆறும்போது அதற்குள் இறுக்கம் தங்கிவிடும். முதல் கடும் சூட்டில் அது விடுபட்டுத் தட்டைத் திருகிவிடும். அந்தக் காலத்து வார்ப்படச் சாலைகளில் வார்ப்புகளை மாதக்கணக்கில் வெட்டவெளியில் போட்டு வைப்பார்கள். இப்போது அடுப்பில் 550 முதல் 600 டிகிரி வரை ஏற்றிச் சில மணி நேரம் நிறுத்தி, அடுப்போடு சேர்த்து மெதுவாக ஆறவிட்டால் போதும். கோயம்புத்தூரில் அதற்கு அடுப்புகளும் ஆட்களும் உண்டு. நான் முதலில் முரட்டு வெட்டு வெட்டி, அடுப்புக்கு அனுப்பி, திரும்பி வந்த பிறகு ஹப்பில் பூட்டித்தான் கடைசி வெட்டு வெட்டுகிறேன்.