ஹைடா மக்களின் குலக்குறித் தூண்களும் பழைய நிழற்படங்களும்

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், பசிபிக் சமுத்திரத்தில், ஹைடா குவாய் என்னும் தீவுக்கூட்டம் உளது. ஆங்கிலக் கப்பற்றலைவர் டிக்சன் என்பார் 1787இல் தம் கப்பலின் பெயரைச் சூட்டி அதனை இராணி சார்லற் தீவுகள் என்றார். அங்கு வாழும் ஹைடா மக்கள் விரும்பிய இப்பெயர் 2010இலேயே சட்டவழி ஏற்கப்பட்டது. 1878ஆம் ஆண்டுக் கோடையிற் கனடாப் புவிச்சரித அளவைத் திணைக்களத்தினரான ஜோர்ஜ் டோசன் இத்தீவுகளின் பாறைகளை ஆராயச் சென்றார். சென்றவர் படப்பெட்டியும் கொண்டு சென்றமை நமது நற்பேறாகும். ஸ்கிடகேற், ஸ்கிடான்ஸ், தானு, மசெற் முதலிய ஊர்களை அவர் எடுத்த படங்கள், ஹைடா ஊர்களைக் காட்டும் மிகப் பழைய நிழற்படங்களுள் முதன்மையானவை.

அப்படங்களிற் காண்பது யாது? கடலை நோக்கி வரிசையாக அமைந்த பெரும் பலகை வீடுகள். அவற்றின் முன் இலையுதிர்ந்த காடு போல் நிற்கும் தூண்கள். செங்கேதுரு மரத்தில் ஒரே தண்டாகச் செதுக்கப்பட்டவை அவை. வீட்டின் முகப்பில் நிற்பன சில. இறந்தோர் நினைவாக நாட்டியன சில. வேறு சிலவற்றின் தலைப்பகுதியிற் குடைந்த குழியுள் இறந்த தலைவனின் உடல் பேழையில் வைக்கப்பட்டது. ஹைடாக்கள் காகம், கழுகு என இரு பெரும் பிரிவினர். பிள்ளை தாயின் பிரிவைச் சாரும். ஒரே பிரிவினுள் மணவினை இல்லை. தூணிலுள்ள கரடியும் திமிங்கிலமும் அக்குடி உரிமையாகக் கொண்ட குறிகள். இவற்றை விக்கிரகங்கள் எனக் கருதியோர் பலர், அது பிழை. ஹைடாக்கள் தூண்களை வழிபட்டாரல்லர். ‘டோட்டம்’ என்னும் சொல்லும் அவர்களுடையதன்று. கிழக்கே வெகு தொலைவில் வாழும் ஒஜிப்வே மக்களின் மொழியிலிருந்து வந்தது.

இப்படங்களைக் காண்போர், காலந்தோறும் மாறாதிருந்த ஒரு தொல்குடியின் வாழ்வைக் கண்டதாக எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் நம்மை ஏமாற்றுவதாகும். தூண் நாட்டும் வழக்கம் பழையதே. 1790களிலேயே கடலோடிகள் அதனைக் கண்டனர். ஆயினும் கடல்நீர்நாய்த் தோல் வணிகத்தால் வந்த செல்வமும் மிகுதியாகக் கிடைத்த இரும்புக் கருவிகளுமே பின்னர் அவற்றைப் பெருகச் செய்தன. இதனினும் பெரிய உண்மையொன்று படத்திற்கு வெளியே உளது. 1862இல் விக்டோரியா நகரிற் பெரியம்மை பரவியபோது, அதன் அயலில் தங்கியிருந்த வடபகுதிக் குடிகளை அதிகாரிகள் வெளியேற்றினர். அவர்கள் நோயோடு ஊர் திரும்பினர். 1840 அளவில் ஆறாயிரத்துக்கு மேலெனக் கணக்கிடப்பட்ட ஹைடாக்கள் 1915இல் அறுநூறுக்கும் குறைந்தனர். எனவே டோசன் கண்டது அழிவுக்குப் பதினாறாண்டு பிந்திய ஊர்களை. தூண்கள் செறிந்த படத்தில் மனிதர் அரிதாயிருப்பதை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.

அடுத்து வந்த படங்களையும் வரிசையாக வைத்து நோக்குவோம். 1879இல் ஹேஸ்ரிங்ஸ், 1881இல் டொசெற்றர், 1884இல் மேனாட், 1897 முதல் நியூகோம் ஆகியோர் படமெடுத்தனர். காலம் செல்லச் செல்லத் தூண்கள் குறைகின்றன. மிஷனரிமார் அவற்றை விரும்பினாரல்லர். தூண் நாட்டும்போது பரிசில் வழங்கும் ‘பொட்லாச்’ விழாவைத் தடை செய்த சட்டம் 1884இல் இயற்றப்பட்டு 1951 வரை நின்றது. சில தூண்கள் வெட்டப்பட்டன, பல விற்கப்பட்டன. படமெடுத்த நியூகோமே நூதனசாலைகளுக்காகத் தூண்களைத் தேடி வாங்கியவர் என்பது கருதத்தக்கது. மசெற்றில் ‘விண்மீன் வீடு’ எனப்பட்ட வீட்டின் முகப்பில் நின்ற ஏறக்குறைய 11 மீற்றர் உயரத் தூண் 1901இல் ஒக்ஸ்போர்டுக்குச் சென்றது. இன்றும் அங்குள்ள பிற் ரிவேர்ஸ் நூதனசாலையில் நிற்கின்றது. அது தன் வீட்டு முன் எவ்வாறு நின்றதென்பதை 1880களின் படங்களே காட்டுகின்றன.

படமெடுத்தோர் திணைக்களத்தாருக்கும் அறிஞருக்குமாக எடுத்தனர். அவற்றை ஹைடாக்கள் ஒரு நாள் தமக்கெனப் படிப்பர் என எண்ணியிருக்கமாட்டார். ஜோர்ஜ் மக்டொனால்ட் 1983இல் வெளியிட்ட நூலில் இப்படங்களைக் கொண்டே எந்த வீடு எங்கு நின்றது, எந்தத் தூண் யாருடையது என ஊர் ஊராக நிறுவினார். அதற்கு முன்னரே, 1969இல், இருபத்திரண்டு வயதுச் சிற்பி றொபேட் டேவிட்சன் மசெற்றில் ஒரு தூணைச் செதுக்கினார். அவர் சிறுவராய் வளர்ந்த காலத்தில் அவ்வூரிற் பழைய தூண் ஒன்றேனும் நிற்கவில்லை. ஊரார் கயிறு பிடித்து இழுக்க நிமிர்ந்தது அத்தூண். ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகளின் பின் அங்கு நாட்டப்பட்ட முதலாவது தூண் அதுவாகும்.