வீட்டில் சர்க்கரை அளவறிதலின் வரலாறு

நீரிழிவு உள்ளவரின் இரத்தச் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் வீட்டில் இருப்பவர்களே கண்டறிந்து கவனிக்கும் வழக்கம், மருத்துவ வரலாற்றில் அண்மைக் காலத்தது. இன்சுலின் வருவதற்கு முன் இந்நோயில் ஏற்றம் மட்டுமே கவலையாக இருந்தது. இறக்கம் 1922இல் மருந்தோடு சேர்ந்து வந்தது.

இரண்டும் ஒரே தன்மையன அல்ல. ஏற்றம் பெரும்பாலும் நாள்கணக்கில் வளர்கிறது. தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், சோர்வு, உடல் மெலிவு என்று நோயாளியே சொல்லக்கூடிய அடையாளங்களைத் தருகிறது. இறக்கமோ சில நிமிடங்களில் வந்துவிடும். மூளை சர்க்கரையையே முதன்மை எரிபொருளாகக் கொண்டது என்பதால், இறக்கத்தின்போது நோயாளியின் சிந்தனைத் தெளிவு குறைந்துவிடுகிறது. “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர் சினத்துடன் சொல்வதே சில வேளைகளில் நோயின் அடையாளமாக இருக்கும். அதை அடையாளமென்று உணர வேண்டியவர் பக்கத்தில் இருப்பவர். அளவறியும் கருவிகள் ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்து ஆளுக்கு எதைக் காட்டின, எதை மறைத்தன என்ற நோக்கில் இவ்வரலாற்றைப் பார்க்கலாம்.

எறும்பும் நீலக் கரைசலும்

சுசுருதர், சரகர் பெயரால் வழங்கும் பழைய ஆயுர்வேத நூல்கள் மதுமேகம் என்ற நோயில் சிறுநீர் தேனைப் போல் இனிப்பதைக் குறிப்பிடுகின்றன. அத்தகைய சிறுநீரை எறும்பு மொய்ப்பதும் அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. நீரிழிவு என்ற தமிழ்ப் பெயரும் சிறுநீரைப் பற்றியதே, இரத்தத்தைப் பற்றியதன்று. இங்கிலாந்தில் தாமசு வில்லிசு 1674இல் சிறுநீரின் இனிப்பைப் பதிவு செய்தார். லிவர்பூல் மருத்துவர் மாத்தியூ டாப்சன் 1776இல் அச்சிறுநீரை வற்றக் காய்ச்சி, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். நோயாளியின் இரத்த நீரும் இனிக்கிறது என்று அவர் எழுதியது, நோய் சிறுநீரகத்தோடு முடிவதன்று என்பதற்கான தொடக்கக் குறிப்பு.

நோயாளி தானே நாள்தோறும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் முன்னோடி, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் அப்பொலினேர் புசார்தா. 1870–71இல் பாரிசு நகரம் முற்றுகையிடப்பட்டு உணவு பங்கீடானபோது, தம் நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை மறைந்ததை அவர் கவனித்தார். உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை இவ்வளவு கண்கூடாகப் பார்க்கும் வாய்ப்பு அமைதிக் காலத்தில் அவருக்குக் கிடைத்திருக்காது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் சுடான்லி பெனடிக்ட் உருவாக்கிய கரைசல், சோதனையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் மேனிலைப் பள்ளி ஆய்வகத்தில் பயின்றவர்களுக்கு இது அறிமுகமானதுதான். சோதனைக் குழாயில் 5 மில்லி லிட்டர் நீலக் கரைசல், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், பிறகு சூடேற்றல். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் சிவப்பானால் சர்க்கரை மிகுதி. பல பத்தாண்டுகளுக்கு வீடுகளில் நோயின் நிலையைச் சொன்னது இந்த நிறமே.

ஆனால் நீலத்தில் ஒரு மறைவு இருந்தது. இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகே சர்க்கரை சிறுநீரில் கலக்கிறது. எனவே 120 இருந்தாலும் நீலம், 40க்கு இறங்கியிருந்தாலும் நீலம். போதாததற்கு, சோதிக்கப்படும் சிறுநீர் சில மணி நேரத்துக்கு முன்பிருந்து சேர்ந்தது. குழாயில் நீலத்தைக் கண்டு வீட்டார் மகிழ்ந்திருக்கையில் நோயாளிக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கலாம்.

முயல்கள் காட்டிய ஆபத்து

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேண்டிங், பெசுட், மெக்லியாடு, காலிப் ஆகியோர் 1921–22இல் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். சாற்றின் வலிமையை அறிய அதை முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார் காலிப். அளவு மிகுந்தபோது முயல்கள் வலிப்பு கண்டு விழுந்தன. சர்க்கரைக் கரைசலைச் செலுத்தியதும் எழுந்தன. மருந்தின் ஆபத்தும் அதற்கான மாற்றும் ஒரே ஆய்வில் தெரிந்துவிட்டன.

1922 சனவரி 11 அன்று லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது தூய்மை போதாமல் பயன்தரவில்லை. சனவரி 23 முதல் காலிப் தூய்மைப்படுத்திய சாறு தரப்பட்டபோது சிறுவன் தேறினான். அதுவரை இவ்வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்கு மருத்துவம் தந்தது ஏறத்தாழப் பட்டினியான ஓர் உணவுமுறையை மட்டுமே.

அதே ஆண்டில் டொராண்டோ பொது மருத்துவமனையின் வால்டர் கேம்பலும் ஆல்மன் பிளெட்சரும், இன்சுலின் மிகுந்தால் மனிதருக்கு நேர்வதை எழுதினர். முதலில் பசி, நடுக்கம், வியர்வை, காரணமில்லாத அச்சம்; மேலும் இறங்கினால் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், நினைவிழப்பு. பழச்சாறோ சர்க்கரையோ தந்தால் தெளிவு. இன்றும் குடும்பத்தாருக்குச் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் இதுவே.

இன்சுலினைப் போட்டுக்கொண்டு நோயாளி வீடு திரும்பியதும் மருத்துவமனையின் கண் அவரை விட்டு அகன்றது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் பாசுடன் மருத்துவர் எலியட் சாசுலின். இன்சுலினுக்கு முன்னரே, 1918இல், மருத்துவருக்கும் நோயாளிக்கும் பொதுவாக ஒரு கையேடு வெளியிட்டவர் அவர். தாய்மார்களுக்குப் பாடம் நடத்தியதும், செவிலியரை வீடுகளுக்கே அனுப்பியதும் அவருடைய முறையின் பகுதிகள். கற்பித்தலைச் சிகிச்சையின் ஒட்டாக அல்லாமல் சிகிச்சையாகவே கருதியது அவருடைய பெரிய பங்களிப்பு எனலாம்.

சென்னையில் பேராசிரியர் மா. விசுவநாதன் 1948இல் அரசு சுடான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனை ஒன்றையும் நிறுவினார்.

முதியோர் வீடுகளில் இறக்கம்

இறக்கம் ஊசி போடுவோருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் 1950களில் மாறியது. 1942இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் மார்செல் சான்போன், குடற்காய்ச்சலுக்குக் கந்தகவகை மருந்து ஒன்றைத் தந்தபோது நோயாளிகள் சிலருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது. அவருடன் பணியாற்றிய லூபாத்தியேர், அம்மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்று கண்டறிந்தார். இப்படி ஒரு பக்கவிளைவிலிருந்தே சல்போனைல்யூரியா மாத்திரைகள் பிறந்தன. அவற்றுள் கிளிபென்கிளமைடு நம் ஊர் மருந்துக் கடைகளில் டயோனில் என்ற பெயரால் பரவலாக அறியப்பட்டது.

வீட்டார் இன்றும் அதிகம் தவறவிடும் இறக்கம் இம்மாத்திரைகளால் வருவதே. மாத்திரையை விழுங்கிவிட்டு ஏகாதசி விரதம் இருக்கும் பாட்டி, வயிற்றுப்போக்கால் சாப்பிடாத தாத்தா, சிறுநீரகம் தளர்ந்த முதியவர் ஆகியோருக்கு இது நேரலாம். அவர்களின் குழப்பமும் தள்ளாட்டமும் வயதின் மறதி என்றோ பக்கவாதம் என்றோ எண்ணப்படுகின்றன. இதயத்துக்காகவும் இரத்த அழுத்தத்துக்காகவும் தரப்படும் பீட்டா தடுப்பு மருந்துகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைப்பதில்லை. மேலும், இம்மாத்திரைகளால் வந்த இறக்கம் சர்க்கரை கொடுத்துத் தெளிந்த பின்னும் சில மணி நேரத்தில் திரும்ப வரக்கூடும். அதனால் அவர்களை மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பதே முறை.

நிறத்திலிருந்து எண்ணுக்கு

அமெரிக்காவின் எல்க்கார்ட் நகரில் இயங்கிய ஏம்சு நிறுவனம் 1941இல் கிளினிடெசுட் என்ற மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சோதனைக் குழாயில் போட்டால் மாத்திரையே சூட்டை உண்டாக்கும், அடுப்பு வேண்டாம். ஆல்பிரட் பிரீ, எலன் பிரீ என்ற வேதியியல் தம்பதியர் 1956இல் அதையும் எளிதாக்கி, சிறுநீரில் தோய்த்தெடுக்கும் காகிதப் பட்டையைத் தந்தனர். இவை வசதியைக் கூட்டின. ஆனால் நீலத்தின் பழைய மறைவு அப்படியே இருந்தது.

1960களின் நடுவில் வந்த டெக்சுட்ரோசுடிக்சு பட்டையே இரத்தத்தை நேராகச் சோதித்தது. பெரிய துளி இரத்தத்தை இட்டு, ஒரு நிமிடம் கழித்து நீரால் கழுவி, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். அந்நிறத்தை ஒளியால் அளந்து முள்ளால் காட்டும் கருவியை ஆண்டன் கிளெமன்சு உருவாக்கினார். 1970 வாக்கில் அது விற்பனைக்கு வந்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல், விலையும் அதிகம், மருத்துவருக்கு மட்டுமே விற்பனை.

அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்டு பெர்ன்சுடைனுக்கு 12 வயதிலிருந்தே நீரிழிவு. மயங்கிக் கிடப்பவர் குடித்தவரா, நீரிழிவு உள்ளவரா என்று இரவில் பிரித்தறிய மருத்துவமனைகளுக்கு இக்கருவி உதவும் என்ற விளம்பரத்தை அவர் பார்த்தார். அவருக்கு விற்க மாட்டார்கள். அவருடைய மனைவி மருத்துவர். மனைவி பெயரில் கருவி வாங்கப்பட்டது. நாளுக்குப் பலமுறை சோதித்து, எந்த உணவு, எவ்வளவு இன்சுலின் தன் அளவை எப்படி மாற்றுகிறது என்று அவர் குறித்துவந்தார். அவர் எழுதிய கட்டுரையை மருத்துவ இதழ்கள் ஏற்காததால், நாற்பதைத் தாண்டிய வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரே ஆனார். மருத்துவ உலகம் முழுதும் கண்மூடியிருந்தது என்று கொள்வதற்கில்லை. 1978இல் இலண்டனில் சாங்க்சன் குழுவும் நாட்டிங்காமில் டாட்டர்சால் குழுவும், நோயாளிகள் வீட்டிலேயே இரத்தத்தைச் சோதிக்க முடியும் என்பதை லான்செட் இதழில் வெளியிட்டன.

வீட்டில் எண் கிடைத்ததும் அளவைக் கட்டுக்குள் வைக்கும் ஆர்வம் கூடியது. அதன் பலனை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 பேரிடம் நடத்தப்பட்டு 1993இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. கடுங்கட்டுப்பாட்டில் இருந்தோருக்கு விழித்திரைப் பாதிப்பு தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. ஆனால் பிறர் உதவி தேவைப்படும் கடும் இறக்கம் அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கானது. கண்ணைக் காத்த அதே கட்டுப்பாடு, இரவில் பக்கத்தில் படுத்திருப்பவரின் பொறுப்பைக் கூட்டிவிட்டது. அடிக்கடி இறக்கம் வருவோருக்கு நாளடைவில் நடுக்கமும் வியர்வையும் கூடத் தோன்றாமல் போகலாம் என்பதும் தெளிவானது.

இன்று பொதுவாகச் சொல்லித்தரப்படும் முறை இது: அளவு 70க்குக் கீழ் இருந்து, விழுங்கும் நினைவும் இருந்தால், 15 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி, நீரில் கரைத்துத் தர வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, ஏறாவிட்டால் மறுபடி தர வேண்டும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். கருவி இல்லாமல், ஏற்றமா இறக்கமா என்று தெரியாத நிலையில் சர்க்கரை தருவதே பாதுகாப்பு. ஊகத்தில் இன்சுலின் போடுவது உயிருக்கு ஆபத்து. வாந்தி, பழவாடை வீசும் மூச்சு, ஆழ்ந்து வாங்கும் மூச்சு ஆகியவை கடும் ஏற்றத்தின் அடையாளங்கள். உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும். இந்நிலைக்கான மருந்து குளூக்ககான். கல்லீரலில் சேர்ந்துள்ள சர்க்கரையை வெளிவிடச் செய்யும் இந்த இயக்குநீருக்கு 1923இலேயே பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்காவில் ஊசிமருந்தாக ஒப்புதல் பெற்றது 1960இல். பொடியைக் கரைத்து ஊசியில் ஏற்றிப் போடுவது பதற்றத்தில் இருக்கும் உறவினருக்கு எளிதாக இல்லை. மூக்கில் செலுத்தும் பொடி வடிவம் 2019இல் ஒப்புதல் பெற்றது.

தொலைவில் இருந்து பார்த்தல்

தோலுக்கு அடியில் உணரியைப் பொருத்தி இடைவிடாமல் அளக்கும் முதல் கருவிக்கு அமெரிக்காவில் 1999இல் ஒப்புதல் கிடைத்தது. மூன்று நாள் பதிவை மருத்துவர் பின்னர் எடுத்துப் பார்ப்பார். அப்போதைக்கு வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. பின்வந்த கருவிகள் எண்ணை உடனுக்குடன் காட்டின. ஆனால் அதைப் பார்க்க நோயாளியின் அருகில் இருக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் நான்கு வயது மகனுக்கு நீரிழிவு கண்ட பொறியாளர் சான் காசுடிக், அலுவலகத்தில் இருந்தபடியே மகனின் அளவைப் பார்க்க விரும்பினார். 2013இல் அக்கருவியின் தரவை இணையத்துக்கு அனுப்பும் நிரலைத் தாமே எழுதினார். பிற பெற்றோரும் பொறியாளர்களும் சேர்ந்து அதை நைட்சுகவுட் என்ற பெயரில் எல்லாருக்கும் இலவசமாக்கினர். கருவி செய்த நிறுவனம் இதே வசதிக்கு ஒப்புதல் பெற்றது 2015இல்தான்.

உணரி அளப்பது இரத்தத்தை அன்று, உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீர்மத்தை. அதனால் அளவு விரைந்து மாறும்போது உணரியின் எண் சில நிமிடம் பின்தங்குகிறது. திரையில் 90 என்று இருக்கையில் எதிரில் இருப்பவர் வியர்த்து நடுங்கினால், விரலில் குத்தி அளந்து பார்க்கும்படியே மருத்துவர்கள் இன்றும் அறிவுறுத்துகின்றனர்.