தற்காலிகப் பற்சிமெண்ட்டும் பல்வேர் உயர்த்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈறு விளிம்பின்கீழ் முறிந்த பல்லைப் பிடுங்காமல், அதன் வேரை மெல்லிய விசையால் வெளிநோக்கி நகர்த்திக் காக்கும் முறையை ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் ஜெஃப்ரி ஹீதர்சே 1973இல் விளக்கினார். வேர்க்குழாயில் பொருத்தும் கொக்கியோ தற்காலிக உறையோ இவ்விழுவிசையை ஏற்கிறது. அதனை வேருடன் பிணைப்பதற்குத் தற்காலிகச் சிமெண்ட்டும் பயன்படுகிறது.

இச்சிமெண்ட் தோன்றிய நோக்கம் வேறு. பல்வலிக்கு நம்மவர் நாடும் கிராம்பெண்ணெயின் முதன்மைக் கூறு யூஜினால். அதனைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. வலி தணித்தலும் எளிதில் அகற்ற இயலுதலும் அக்கலவையின் சிறப்புகள். 1955இல் மைக்கேல் புவோனகோர் எனாமலை அமிலத்தால் பதப்படுத்தி ரெசினை ஒட்டவைத்தார். ரெசின் பரவியபின், அது இறுகுவதை யூஜினால் தடுப்பது குறையாகக் கருதப்பட்டது. யூஜினாலற்ற சிமெண்ட்டுகள் வழக்கிற்கு வந்தன.

மெல்லும் விசை பெரும்பாலும் உறையைப் பல்மீது அழுத்துகிறது. வேர் உயர்த்தலிலோ, உறை கழலும் திசையிலேயே விசை செயற்படுகிறது. எளிதில் அகற்றலாம் என்ற பழஞ்சிறப்பே இங்கு இடராகிறது. அவ்விசை சிறிது, ஆயினும் வாரக்கணக்கில் நீடிப்பது. ஆகவே, ஒருமுறை இழுத்துப் பிரிக்கும் ஆய்வகச் சோதனை மட்டும் போதாது. ஈரத்திலும் வெப்பமாற்றத்திலும் தொடரிழுவிசையைச் சிமெண்ட் தாங்குகிறதா என்பதும் அளக்கப்பட வேண்டும்.

இவ்வினா பல்சீரமைப்பியலும் செயற்கைப்பல்லியலும் சந்திக்கும் எல்லையில் நிற்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடியில் 1988இல் தொடங்கப்பட்ட சவீதா பல் மருத்துவக் கல்லூரி போன்று இவ்விரு துறைகளும் ஒருங்கே அமைந்த நிறுவனங்களே இத்தகைய சோதனைக்கு உரிய களங்களாகும்.