வாடிய பூ நீக்கல்

வாடிய பூ நீக்கல் என்பது தோட்டச் செடிகளில் மலர்ந்து முடிந்த பூக்களை, அவை காயாக மாறுமுன் கிள்ளியோ வெட்டியோ அகற்றும் தோட்டக்கலைச் செயன்முறை ஆகும். செடியில் தொடர்ந்து புதிய மொட்டுகள் தோன்றச் செய்வதே இதன் முதன்மை நோக்கம்.

அறிவியல் அடிப்படை

பூத்தலின் நோக்கம் விதை உண்டாக்குவது. கருவுற்ற பூவில் விதை வளரத் தொடங்கியதும், இலைகள் உருவாக்கும் உணவின் பெரும்பகுதி அங்குச் செல்கிறது. வளரும் விதைகளில் சுரக்கும் ஆக்சின் போன்ற வளரூக்கிகளும் புதிய மொட்டுகள் தோன்றுவதை மட்டுப்படுத்துகின்றன. ஓராண்டுச் செடிகளில் விதை முற்றியதும் செடியே பட்டுவிடும். வாடிய பூவை நீக்கினால் விதை உண்டாவது தடைப்பட்டு, செடி மீண்டும் பூக்க முனைகிறது. சங்குப்பூக் கொடியில் இதனை எளிதில் காணலாம். காய்களைப் பறித்துவந்தால் கொடி நெடுநாள் பூக்கும். விட்டுவிட்டால் காய்கள் நிறைந்து பூ குறையும்.

செய்முறை

இதழ்களை மட்டும் உதிர்ப்பது பயன் தராது. இது பலரும் செய்யும் பிழை. விதையாக மாறும் சூலகம் இதழ்களுக்குக் கீழே காம்போடு ஒட்டியுள்ளது. எனவே செண்டுமல்லி, சீனியா ஆகியவற்றில் பூத்தலையைக் காம்புடன் சேர்த்து அடுத்த இலைக்கணுவுக்குச் சற்று மேலே கிள்ள வேண்டும். ரோசாவில், ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் இலைக்குச் சற்று மேலே வெட்டுவது வழக்கம்.

மதுரை மல்லிகையும் கவாத்தும்

திருவாதவூர் அமைந்துள்ள மதுரை மாவட்டத்தின் புகழ்பெற்ற மலர் குண்டுமல்லி ஆகும். மதுரை மல்லிகை என்ற பெயரில் இதற்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இம்மலர் விரியுமுன்னரே, அதிகாலையில் மொட்டாகப் பறிக்கப்படுகிறது; எனவே தோட்டத்தில் வாடிய பூ பெரும்பாலும் எஞ்சுவதில்லை. மேலும் குண்டுமல்லி பொதுவாக விதை பிடிப்பதில்லை. ஆகவே வீட்டு மல்லிகையில் வாடிய பூவை மட்டும் கிள்ளிவிட்டு அடுத்த பூப்பை எதிர்பார்ப்பவர் ஏமாற நேரிடும்.

மல்லிகை புதுத் தளிர்களின் நுனியிலேயே மொட்டு விடுகிறது. ஆகவே இங்குப் பூவை வரவழைப்பது கவாத்து ஆகும். நவம்பர் இறுதியில் நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, செடிகளைத் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் வெட்டி, பின்னர் எருவிட்டு நீர் பாய்ச்சுவர். மார்ச் மாதவாக்கில் பூப்பு தொடங்கும். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து, தை முகூர்த்த நாள்களில் விலை மிக உயரும். கவாத்து செய்த செடி அந்த விலைக்கு உதவாது என்பது உழவருக்கு இழப்பே. ஆயினும் வெட்டாது விடப்பட்ட செடி பழங்கிளைகளால் அடர்ந்து, கோடையில் குறைவாகவே பூக்கும்.

விலக்குகள்

நித்தியகல்யாணி தன் வாடிய பூக்களைத் தானே உதிர்த்துவிட்டு, பெயருக்கேற்பத் தொடர்ந்து பூக்கும். செம்பருத்தியும் அவ்வாறே உதிர்க்கும். இவற்றுக்கு இச்செயன்முறை தேவையில்லை. அடுத்த பருவத்திற்கு விதை தேவைப்படின், செண்டுமல்லி, காசித்தும்பை ஆகியவற்றில் சில நல்ல பூக்களைச் செடியிலேயே முற்ற விட வேண்டும். காசித்தும்பைக் காய் முற்றியதும் வெடித்து விதையைச் சிதறச் செய்யுமாதலால், அதனைச் சற்று முன்னரே பறித்தல் நன்று.