சத்துணவில் முட்டை பிறந்த கதை

திமுகவுக்கும் அதிமுகவுக்கும் என்ன வித்தியாசம் என்று டீக்கடை பெஞ்சில் கேட்டுப் பாருங்கள். "ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டைதான்" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள், "அவங்களும் இவங்களும் ஒண்ணா?" என்று இன்னொருவர் எகிறுவார். டீ ஆறிப்போகுமே தவிர வழக்கு தீராது. நான் இந்த வழக்கை ஓர் அவித்த முட்டையை வைத்துப் பார்ப்பவன்.

முட்டைக்கு முந்தி சோறு வர வேண்டும். அந்தக் கதை பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் போட்டது. தலைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கும் வைத்தது. 1956இல் காமராஜர் முதல்வர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநர். எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. முதலில் ஊரார் கொடுத்த அரிசியும் பருப்பும், அடுத்த ஆண்டிலிருந்து அரசின் பங்கும். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்ததோ வேறு அளவு. இரண்டு வயதுக் குழந்தைக்கும் சோறு, முதலில் கிராமங்களில், இரண்டே மாதத்தில் நகரங்களிலும், 1984 முதல் பதினைந்து வயது வரை. கஜானா தாங்காது என்று அதிகாரிகள் கையைப் பிசைந்தார்கள். எதிர்க்கட்சியான திமுகவும் கடுமையாக விமர்சித்தது. சத்துணவு என்று பெயர் வைத்திருக்கிறார்களே, சோற்றிலும் சாம்பாரிலும் சத்து எங்கே என்ற கேள்வி அப்போது புழங்கியது. அது நியாயமான கேள்விதான்.

1989 ஜனவரியில் திமுக பதின்மூன்று ஆண்டு வனவாசம் முடிந்து கோட்டைக்குத் திரும்பியது. எதிராளி போட்ட பந்தி. உட்கார்ந்திருப்பதோ லட்சக்கணக்கான பிள்ளைகள். எழுப்பிவிட்டால் ஊர் சிரிக்கும். அப்படியே நடத்தினால் பெயர் எம்.ஜி.ஆருக்கே போகும். கருணாநிதி செய்தது மூன்றாவது வேலை. தன் பிறந்தநாளான ஜூன் 3 முதல், பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை என்று அறிவித்தார். சோறு யார் போட்டதாகவும் இருக்கட்டும், அதில் சத்தைச் சேர்த்தது நாங்கள் என்று திமுக மேடைகளில் சொல்வதற்கு அந்த முட்டைதான் ஆதாரம்.

பதினைந்து நாளுக்கு ஒன்று என்றால் இன்றைக்குச் சிரிப்பு வரும். அன்றைய கிராமத்து வீடுகளில் கோழி இருக்கும், முட்டை இருக்காது. இட்ட முட்டை கடைக்குப் போய் எண்ணெயாகவோ உப்பாகவோ திரும்பும், இல்லாவிட்டால் அடைக்குப் போகும். வீட்டில் அவித்தாலும் நூலைச் சுற்றி அறுத்து ஆளுக்குப் பாதிதான். முழு முட்டை ஒருத்தருக்கே என்பது காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைக்குக் கிடைக்கிற மரியாதை.

முட்டை நாளில் சத்துணவுக் கூடத்தில் வேலை இரட்டிப்பு. அமைப்பாளர் ட்ரே ட்ரேயாக எண்ணி வாங்க வேண்டும், ஒரு ட்ரேக்கு முப்பது. தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்க வேண்டும். அவித்த பிறகு உதவியாளர் அம்மா அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பார். புது முட்டையாக இருந்தால் ஓடு விடாது, வெள்ளைக்கருவையும் பிய்த்துக்கொண்டு வரும். அந்தப் பிய்ந்த முட்டை யார் தட்டில் விழப்போகிறது என்று வரிசையே கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கும். வாங்கினதும் வாயில் போடுகிறவன் ஒரு ரகம், கடைசி வாய் வரைக்கும் தட்டோரத்தில் காவல் காக்கிறவள் ஒரு ரகம். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்குப் பின்னாளில் வாழைப்பழம் வந்தது.

இந்த முட்டைகள் வானத்திலிருந்து விழவில்லை. மழை பொய்க்கிற நாமக்கல் வட்டாரத்தில் லாரித் தொழிலோடு கோழிப் பண்ணையும் வேர்விட்டுக்கொண்டிருந்த காலம் அது. விலை விழுந்தாலும் அரசு வாங்கும் என்ற நிலை பண்ணைக்காரர்களுக்கு ஒரு தெம்பு. ஆகவே முட்டையைக் கூட்டுகிற அரசு பிள்ளைகளின் தாய்மாரை மட்டும் சந்தோஷப்படுத்தவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு முட்டை பெருகிய தேதிகளைப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். 1998இல் வாரம் ஒன்று. 2006 ஜூலை 15, வாரம் இரண்டு. அடுத்த ஆண்டு அதே நாளில் மூன்று. 2010 செப்டம்பர் 15 முதல் ஐந்து. ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள், செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள். எல்லாமே திமுக ஆட்சியின் அறிவிப்புகள். காங்கிரஸ் முதல்வரின் பிறந்தநாளில் எம்.ஜி.ஆர். திட்டத்துக்குக் கருணாநிதி முட்டை கூட்டுவது தமிழ்நாட்டில் மட்டும்தான் நடக்கும்.

உண்மையான சோதனை 2011இல் வந்தது. ஆட்சியைப் பிடித்த ஜெயலலிதா, கருணாநிதி கட்டிய புதிய தலைமைச் செயலகத்துக்குக் குடிபோகவே இல்லை. அது மருத்துவமனை ஆயிற்று. கோட்டூர்புரத்து அண்ணா நூலகத்தை இடம் மாற்றுவதாக அறிவித்தார். நீதிமன்றம் குறுக்கே நின்றது. சமச்சீர்க் கல்வியை நிறுத்திவைக்கப் பார்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். கலைஞர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பெயர் மாறியது. கலர் டிவி நின்று மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. முன்னவர் வைத்த எதைக் கண்டாலும் கை பரபரத்த காலம் அது. ஆனால் ஐந்து முட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை. 2013இல் கலவை சாதத் திட்டம் வந்தபோது முட்டைக்கு மசாலா சேர்ந்தது: மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை. முட்டை திமுகவுடையது என்றால் மசாலா எங்களுடையது என்பது அதிமுகவின் கணக்கு. இதற்கு மறுபக்கமும் உண்டு. திமுக ஆட்சியின் அரசு ஏடுகளிலும் அது 'புரட்சித் தலைவர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம்' என்றே இருந்தது.

தலைவர்களின் செல்வாக்கை நம் ஊரில் கூட்டத்தை வைத்தும், சிலைகளை எண்ணியும், இறுதி ஊர்வலத்தை வைத்தும் அளக்கிறார்கள். எனக்கு அந்த அளவுகோல்களில் நம்பிக்கை இல்லை. எம்.ஜி.ஆர். நாட்டை எவ்வளவு மாற்றினார் என்பதற்கு நான் காட்டுகிற சான்று, 1989இல் அவருடைய எதிராளி எடுத்த முடிவு. கருணாநிதிக்கு, 2011இல் ஜெயலலிதா கைவைக்காமல் விட்டது. எதிரி சுமந்துகொண்டு போக வேண்டிய பாரத்தை ஏற்றிவிட்டவர்தான் பெரிய ஆள். முதலில் ஆரம்பித்தது யார் என்ற பட்டிமன்றம் இன்னும் நூறு வருஷம் நடக்கட்டும்.

அப்படியானால் ஒரே குட்டையில் ஊறின மட்டைகளா? அந்தக் குட்டையே எவ்வளவு பெரியது என்று தெரிய மாநில எல்லையைத் தாண்டிப் பார்க்க வேண்டும். 2015இல் மத்தியப் பிரதேச அங்கன்வாடிகளில் முட்டை தரலாம் என்று யோசனை வந்தபோது பாஜக முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் மறுத்துவிட்டார். கர்நாடகத்தில் 2021இல் ஊட்டச்சத்துக் குறைவான வட மாவட்டங்களில் முட்டை தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் போராடப் போவதாக எச்சரித்தார்கள். கர்நாடகத்தில் முட்டையைத் தொடங்கியதும் பாஜக அரசுதான் என்பதால் கட்சிக் கொடியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அங்கெல்லாம் முட்டையே வழக்கு. இங்கே எத்தனை முட்டை என்பதுதான் வழக்கு. திமுக, அதிமுக இரண்டில் எதுவும் பிள்ளை தட்டில் முட்டை ஆகாது என்று சொல்லி ஓட்டுக் கேட்டதில்லை.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது அழுகிய முட்டை, டெண்டர் ஊழல் என்று குரல் கொடுப்பதும், ஆளுங்கட்சி ஆனதும் தரமான முட்டை என்று விளக்கம் கொடுப்பதும் இரு தரப்புக்கும் மனப்பாடம். முட்டையும் சத்துமாவும் சப்ளை செய்த நிறுவனத்தில் 2018இல் வருமான வரிச் சோதனை நடந்து நாலு நாள் தலைப்புச் செய்தியானது.

இதைவிட எனக்கு உறுத்துவது உரிக்கிற கை. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று சத்துணவுக் கூடத்தில் நிற்கிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் என்று பார்த்து வேலை கொடுக்கப்பட்டவர்கள் பலர். மற்ற அரசு ஊழியர்களைப் போலக் காலமுறை ஊதியம் கேட்டு இரண்டு ஆட்சியிலும் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிடைத்தது சிறப்புக் காலமுறை ஊதியம். அந்தச் 'சிறப்பு'க்குக் 'குறைவு' என்று அர்த்தம். 2022 செப்டம்பர் 15இல் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அந்தச் சமையல் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குப் போயிற்று. எங்களிடமே கொடுத்திருக்கலாமே என்று சத்துணவு ஊழியர் சங்கங்கள் கேட்டன. அதற்கும் போராடிப் பார்த்தார்கள்.