எதை அளந்தோம்? நாட்பட்ட நோயர்களுக்கான தன்மேலாண்மைப் பயிற்சியும் அதன் மதிப்பீட்டு வரலாறும் (1979–2013)

பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு மூட்டுவாதம், ஒருவருக்கு மூச்சிரைப்பு, இன்னொருவருக்கு மாரடைப்பு வந்து போயிருக்கிறது. வகுப்பு நடத்தும் இருவரும் மருத்துவர்கள் அல்லர், நோயோடு வாழ்பவர்களே. வாரம் ஒருமுறை, இரண்டரை மணி நேரம், ஆறு வாரம். ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும் ஒவ்வொருவரும் வருகிற வாரத்துக்கு ஒரு செயலைத் தாமே தேர்ந்து சொல்ல வேண்டும்: என்ன செய்வார், எவ்வளவு, எப்போது, எத்தனை நாள். "நடக்கப் போகிறேன்" என்றால் போதாது. "காலையில் காப்பி குடிக்கும் முன், தெருமுனை வரை, நான்கு நாள்" என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு கேள்வி வரும். இதைச் செய்து முடிப்போம் என்று உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள். ஏழுக்குக் கீழே வந்தால் தடை எது என்று கேட்டுக் குழு வழி தேடும். வழி கிடைக்கவில்லை என்றால் செயலைச் சிறிதாக்கும். நான்கு நாள் மூன்றாகும். தெருமுனை பாதித் தெருவாகும். ஆளை யாரும் குறை சொல்வதில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவிய தன்மேலாண்மைப் பயிற்சியின் நடு நரம்பு இந்தச் சிறு உரையாடல்தான். நம் வழக்கில் நோயாளியின் பங்கைக் குறிக்கும் சொல் பத்தியம். வைத்தியர் விதிப்பார், நோயாளி காப்பார். காக்கத் தவறினால் பழி நோயாளிமேல். தன்மேலாண்மை அப்படியல்ல. மருத்துவரைப் பார்ப்பது ஆண்டில் சில மணி நேரம். மீதி நேரமெல்லாம் நூறு சிறு முடிவுகளை எடுப்பவர் நோயர்தான். அந்த முடிவுகளுக்கு அவரைத் தயார்ப்படுத்துவது இதன் நோக்கம்.

இப்பயிற்சி பலன் தருகிறதா என்று கேட்ட ஆய்வுகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீள்கின்றன. அவற்றை வரிசையாக வாசிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. பயிற்சியின் உட்கரு பெரிதாக மாறவில்லை. அதை அளந்த கோல் மாறிக்கொண்டே வந்தது. கோலை மாற்றியவர்கள் பெரும்பாலும் நோயர்கள் அல்லர்.

சொல்லின் பிறப்பு குழந்தைகளிடம் நிகழ்ந்தது. 1960களின் நடுப்பகுதியில் டென்வர் நகரில் ஆஸ்துமாக் குழந்தைகளோடு பணியாற்றிய தாமஸ் கிரீர், குழந்தையும் சிகிச்சையில் ஒரு பங்காளி என்ற பொருளில் தன்மேலாண்மை என்ற சொல்லைக் கையாண்டார். பெரியவர்களுக்கான வடிவம் 1970களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் அமைந்தது. செவிலியர் கல்வி பெற்ற கேட் லோரிக், மூட்டு நோய் மருத்துவர் ஹால்ஸ்டெட் ஹோல்மன் ஆகிய இருவரும் மூட்டுவாத நோயர்களுக்கு ஒரு பாடத்தை உருவாக்கினார்கள். அன்றைய கருதுகோள் எளிமையானது. உடற்பயிற்சி, வலியைத் தணிக்கும் தளர்வுப் பயிற்சி ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தால் நோயர் அவற்றைச் செய்வார். செய்தால் வலி குறையும்.

வலி குறைந்தது. கருதுகோள்தான் நிற்கவில்லை. 1989-இல் லோரிக் குழு வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் மிக நேர்மையான கட்டுரைகளுள் ஒன்று என்பது என் கருத்து. கற்றுக்கொடுத்ததைச் செய்தவர்களுக்கும் வலி குறைந்தவர்களுக்கும் இடையே எதிர்பார்த்த உறவு இல்லை. நடத்தை மாற்றம் மட்டும் பலனை விளக்கவில்லை என்று தங்கள் அடிப்படையையே அவர்கள் கேள்விக்கு உட்படுத்தினார்கள். நோயர்களிடமே பேசியும் பார்த்திருந்தார்கள். தேறியவர்களின் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது, நோய்மீது தமக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது என்ற உணர்வு. அதே பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் பண்டூரா 1977-இலேயே இதற்கு ஒரு கோட்பாடு வகுத்திருந்தார். ஒரு குறிப்பிட்ட காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, அந்தக் காரியத்தில் இறங்குவதையும் விடாமல் தொடர்வதையும் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். தமிழில் இதைத் தன்திறன் நம்பிக்கை எனலாம். மூட்டுவாத நோயர்களுக்கென்றே இந்த நம்பிக்கையை அளக்கும் வினாநிரல் ஒன்றும் 1989-இல் வெளிவந்தது. வகுப்பறையில் கேட்கும் அந்தப் பூஜ்யம் முதல் பத்து வரையிலான எண்ணும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

நான்கு ஆண்டு கழித்து, 1993-இல், தொடர் ஆய்வின் முடிவு வந்தது. பயிற்சி பெற்றவர்களின் வலி சராசரியாக 20 விழுக்காடு குறைந்திருந்தது. மருத்துவரிடம் போவது 40 விழுக்காடு குறைந்திருந்தது. உடல் இயலாமையோ 9 விழுக்காடு கூடியிருந்தது. நோய் தன் போக்கில் முற்றியபோதும் மனிதர்கள் குறைந்த வலியோடு வாழ்ந்தார்கள் என்பதுதான் இம்மூன்று எண்களும் சேர்ந்து சொல்லும் செய்தி. ஆட்சியாளர்கள் காதில் விழுந்ததோ நடுவில் உள்ள 40.

1999-இல் வெளியான ஆய்வில் பயிற்சி மூட்டுவாதத்தைத் தாண்டியது. இதயநோய், நுரையீரல் நோய், பக்கவாதம், மூட்டுவாதம் உள்ள 952 பேர் ஆறு மாத ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். வெவ்வேறு நோயரை ஒரே வகுப்பில் உட்காரவைத்தது அன்று துணிச்சலான செயல். அதற்கு ஆதாரம் சமூகவியலில் இருந்தது. ஜூலியட் கார்பினும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1988-இல் எழுதிய நூலில், நாட்பட்ட நோய் வீட்டுக்குள் சுமத்தும் வேலைகளை மூன்றாகப் பிரித்திருந்தார்கள்: நோயைக் கவனிப்பது, குடும்பத்திலும் வேலையிலும் தன் இடத்தைத் திரும்ப அமைத்துக்கொள்வது, பயத்தையும் கோபத்தையும் சோர்வையும் சமாளிப்பது. நோய் எதுவானாலும் பின்னிரண்டும் பொது. ஆய்வில் உடற்பயிற்சி கூடியது. களைப்பு, இயலாமை, நோய் பற்றிய கவலை குறைந்தன. வலியிலும் மூச்சுத்திணறலிலும் வேறுபாடு இல்லை. மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறைந்தன. இந்தக் கடைசி வரிதான் அட்லாண்டிக் கடலைக் கடந்தது.

இங்கிலாந்தில் தலைமை மருத்துவ அதிகாரி லியாம் டொனால்ட்சன் தலைமையிலான குழு 2001-இல் நிபுணத்துவ நோயாளி என்ற கருத்தை முன்வைத்தது. 2002-இல் தேசிய மருத்துவச் சேவைக்குள் ஆறு வாரப் பயிற்சி முன்னோட்டமாகத் தொடங்கியது. தேசிய அளவிலான சமவாய்ப்பு ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே, 2006 ஜனவரியில் வந்த அரசின் வெள்ளை அறிக்கை, ஆண்டுக்கு 12,000 ஆக இருந்த பயிற்சி இடங்களை 2012-க்குள் 1,00,000-க்கு மேல் உயர்த்துவதாக அறிவித்தது. அறுவடைக்கு முன்பே களஞ்சியத்தைக் கட்டிவிட்டார்கள்.

2007-இல் வந்த அறுவடை இது: 629 பேர், ஆறு மாதம். தன்திறன் நம்பிக்கை உயர்ந்தது, விளைவளவு 0.44, அதாவது நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே. உடலில் தெம்பு சிறிது கூடியது. வழக்கமான மருத்துவச் சேவைகளைப் பயன்படுத்துவது குறையவில்லை. அதே ஆண்டில் காக்ரேன் தொகுப்பாய்வு, நோயர்களே நடத்தும் பயிற்சிகள் பற்றிய 17 ஆய்வுகளை, 7,442 பேரின் தரவுகளை, ஒன்றாகப் பார்த்தது. நம்பிக்கையிலும் உடற்பயிற்சியிலும் தம் உடல்நலம் பற்றிய மதிப்பீட்டிலும் குறுகிய காலச் சிறு முன்னேற்றம். வாழ்க்கைத் தரத்திலும் சேவைப் பயன்பாட்டிலும் மாற்றத்துக்கு ஆதாரம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில் பிரிட்டனில் 812 மூட்டுத் தேய்மான நோயர்களிடம் நடந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது: வலி குறையவில்லை, பதற்றம் குறைந்தது, நம்பிக்கை கூடியது.

இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. என்னால் அப்படி எழுத முடியவில்லை. 1980களில் நோயர்கள் தம் வாயால் சொன்ன பலன் 2007-இலும் கிடைத்தது. கிடைக்காதது, அரசு தன் கணக்குப் புத்தகத்துக்காக எதிர்பார்த்த மிச்சம். அதற்காக நம்பிக்கை ஒன்றே போதும் என்று வாதிடவும் மனம் ஒப்பவில்லை. தெம்பாக இருக்கிறேன் என்று வினாத்தாளில் எழுதியவர் இரவில் வலியால் தூங்காமல் இருந்தால், அந்த வலிக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு கேள்வி, வட்டத்துக்கு வராதவர்களைப் பற்றியது. கிழக்கு லண்டனின் டவர் ஹேம்லெட்ஸ் பகுதியில் வாழும் வங்காளதேசத்தவருக்காக இப்பயிற்சி சில்ஹெட்டி மொழியில் நடத்தப்பட்டது. 2005-இல் வெளியான அந்த ஆய்வுக்கு 1,363 பேரை அழைத்தார்கள். 476 பேர் இசைந்தார்கள். பயிற்சிக் குழுவில் ஆறு வகுப்புகளில் மூன்றுக்காவது வந்தவர்கள் 51 விழுக்காடு. வந்தவர்களுக்கு நம்பிக்கையும் நோய்ப் பராமரிப்பும் கூடின, மனச்சோர்வு குறைந்தது. புலம்பெயர்ந்த நாட்டில் தாய்மொழியில் தன் நோயைப் பற்றிப் பேசக் கிடைப்பதன் அருமை நம்மவர்களுக்கும் தெரியும். ஆனால் இசையாத 887 பேர் எந்த அட்டவணையிலும் விளைவாகத் தோன்றுவதில்லை. வேலை நேரமோ, வீட்டுச் சுமையோ, படியிறங்க முடியாத முழங்காலோ தடுத்திருந்தால், துணை அதிகம் தேவைப்பட்டவர்களே வெளியே நின்றிருக்கக்கூடும்.

அடுத்தது உயிரோடு தொடர்புடையது. இதைத் தவிர்த்துவிட்டு இந்த வரலாற்றை எழுதக் கூடாது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், சளியின் நிறம் மாறி மூச்சிரைப்பு கூடினால் மருத்துவரை எதிர்பார்க்காமல் வீட்டிலேயே ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் தொடங்கலாம் என்று முன்கூட்டியே எழுதித் தரும் திட்டம் உண்டு. கனடாவின் கியூபெக்கில் 191 நோயர்களிடம் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. ஏறக்குறைய அதே எண்ணத்தோடு அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, 426 பேர் சேர்ந்த நிலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. பயிற்சி பெற்றவர்களில் 28 பேரும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 10 பேரும் இறந்திருந்தார்கள். 2012-இல் முடிவை வெளியிட்ட ஆய்வாளர்களால் காரணத்தைத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. கியூபெக்கில் பயிற்றுநர் வாராவாரம் வீட்டுக்கே போய்க் கற்றுக்கொடுத்தார், பிறகு மாதந்தோறும் தொலைபேசியில் விசாரித்தார். அந்த நெருக்கம்தான் வேறுபாடா என்பது இன்னும் மூடப்படாத கேள்வி. தகவல் கொடுத்தால் கெடுதல் வராது என்று எண்ணி இத்தகைய பயிற்சிகளைத் தீங்கு பற்றிய கண்காணிப்பே இல்லாமல் நடத்தும் வழக்கத்தை இந்த ஆய்வுக்குப் பிறகு யாரும் நியாயப்படுத்த முடியாது.

அளவுகோலையே சோதித்தவர்களும் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ஆஸ்பர்ன் குழுவினர் 2007-இல் எட்டுப் பரிமாணங்கள் கொண்ட வினாநிரல் ஒன்றை வெளியிட்டார்கள். பயிற்சியால் எது மாற வேண்டும் என்று நோயர்களையும் உட்காரவைத்துக் கேட்டே அதைச் செய்தார்கள். இதோடு சேர்த்து அவர்கள் ஆராய்ந்த சிக்கல் ஒன்று உண்டு. இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியும் என்று முதல் நாள் முழு மதிப்பெண் போட்டுக்கொண்ட ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஆறாவது வாரத்துக்குள், இவ்வளவு நாளும் மருந்து தொண்டையிலேயே தங்கியிருக்கிறது என்று அவர் கண்டுகொள்கிறார். இப்போது சரியாக இழுக்கிறார். எனினும் தெரிய வேண்டியது இன்னும் எவ்வளவு என்று புரிந்துவிட்டதால் பழைய மதிப்பெண்ணையே, சில வேளை குறைவாகவே, போடுகிறார். கற்றவரைத் தாள் கல்லாதவராகக் காட்டுகிறது. முன்னும் பின்னும் கேட்டுக் கழித்துப் பார்க்கும் எந்த மதிப்பீட்டிலும் இந்தப் பிழை ஒளிந்திருக்கலாம்.

நோயரை மாற்றுவதைவிட மருத்துவர் அறையை மாற்றிப் பார்க்கலாம் என்பது அடுத்த முயற்சி. இங்கிலாந்தின் வடமேற்கில் 44 பொது மருத்துவ மையங்களை ஆய்வில் சேர்த்து, அவற்றில் ஒரு பகுதியின் ஊழியர்களுக்கு மட்டும், நோயரின் தேவையறிந்து துணை செய்யப் பயிற்சி தரப்பட்டது. நீரிழிவு, நுரையீரல் அடைப்பு, குடல் எரிச்சல் நோய் உள்ள 5,599 பேரைப் பன்னிரண்டு மாதம் பின்தொடர்ந்து 2013-இல் வந்த முடிவில், எந்த அளவிலும் வேறுபாடு இல்லை. ஊழியர்கள் பயிற்சிக்கு ஆர்வமாக வந்திருந்தார்கள், பாராட்டியும் இருந்தார்கள். அன்றாட வேலைக்குத் திரும்பியதும் கற்ற முறை பின்னுக்குப் போனது. 2004 முதல் அந்நாட்டு மருத்துவ மையங்களுக்கு ஊதியத்தின் ஒரு பகுதி, நாட்பட்ட நோயரின் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றைப் பதிந்து இலக்குக்குள் வைப்பதைப் பொறுத்தே கிடைத்துவந்தது. ஆண்டுப் பரிசோதனைக்கு நோயர் வந்து உட்கார்ந்தால் அந்த எண்களைக் கேட்கும் கட்டங்கள்தான் செவிலியரின் கணினித் திரையில் வரிசையாக வரும். தெருமுனை வரை நடக்க எவ்வளவு நம்பிக்கை என்று கேட்க அதில் கட்டம் இருக்கவில்லை.