தகர நிலையங்கள்

பொம்மை இரயில் என்றதும் பலரும் எஞ்சினையே எண்ணுவர். அதனருகே நின்ற நிலையம், கைகாட்டி, சுரங்கம், விளக்குக் கம்பம் ஆகியவற்றின் வரலாறும் நாம் அறியத் தக்கதே.

1891-ஆம் ஆண்டு லீப்சிக் சந்தையில், ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனத்தார் வரையறுத்த அகலமுடைய தண்டவாளங்களை அறிமுகப்படுத்தினர். அதனால் பொம்மை இரயில், ஒருமுறை வாங்கி முடிக்கும் பொருளாக இல்லாமல், ஆண்டுதோறும் சேர்த்து வளர்க்கும் சிற்றூராயிற்று. லிவர்ப்பூலில் பிராங்க் ஹார்ன்பி 1920-இல் தம் இரயில்களை வெளியிட்டார்; விண்ட்சர், மார்கேட் எனப் பெயர் பொறித்த தகர நிலையங்களும் பின்னர் வந்தன. லிவர்ப்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது.

முதியோர் மறைந்தபின் வழித்தோன்றல்கள் வீட்டை ஒழிக்கும்போது இச்சிற்றூர்கள் சிதறுகின்றன. எஞ்சினைத் தனியே பிரித்து நல்ல விலைக்கு விற்பர். ஏனையவற்றை ஒரே பெட்டியிற் குவித்துச் சொற்ப விலைக்குத் தள்ளிவிடுவர். ஆயினும் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வார்ப்புச் சக்கரங்கள் பல, துத்தநாகக் கலவையிற் கலந்த மாசினால் வெடித்து நொறுங்கின. தகர நிலையத்திற்கு அக்கேடு இல்லை. துருவினின்று காத்தால் போதும்.

அத்தகைய பெட்டியை வாங்குவோர் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்வது நன்று. மங்கிய பழைய அச்சின்மேல் புதுவண்ணம் தீட்டலாகாது. அவ்வச்சே அக்காலத்துச் சான்றாகும். ஒரு குடும்பம் சேர்த்தவற்றை மீண்டும் பிரித்தலும் ஆகாது. ஒரு பிள்ளை பல ஆண்டுகள் கட்டிய ஊர் அதில் எஞ்சியிருக்கிறது. பிரித்தபின் அதனை எவ்விலை கொடுத்தும் மீட்க இயலாது.